மின்னியின் இடது கன்னம்: ஒரு நிகழ்வு ஆய்வு

மின்னி ஏழு வயதுப் பெண் பொமரேனியன் நாய். கருத்தடை செய்யப்பட்டது. எடை 5.2 கிலோ. மூன்று வாரமாகத் தண்ணீர் குடித்ததும் தும்முகிறது, இடது மூக்கில் மட்டும் சளி வடிகிறது, பிஸ்கட்டை ஆசையாக வாங்கிக் கீழே போட்டுவிடுகிறது என்று சொல்லி அழைத்துவந்தார்கள். வீட்டுக்காரர், அவர் மனைவி, எழுபதைத் தாண்டிய அவருடைய தாயார் என மூன்று பேர் வந்திருந்தார்கள். சளிக்கு மருந்து வாங்கிப் போவதுதான் அவர்கள் எண்ணம்.

மூக்கில் ஒரு பக்கம் மட்டும் ஒழுகும் சிறிய நாயைப் பார்த்தால் முதலில் வாயைப் பார்க்க வேண்டும். இடது உதட்டைத் தூக்கினேன். மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப்பல் கண்ணுக்கே தெரியவில்லை. அதன் மேல் பழுப்பும் பச்சையும் கலந்த காரை, ஆற்றுப் பாறையில் பாசி படிந்ததுபோல் மூடியிருந்தது. ஈறு இளஞ்சிவப்பாக இல்லை, மிளகாய்ப்பழம்போல் சிவந்து, விளிம்பில் சீழ் கசிந்தது. கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு மெல்லிய கோரைப்பல் ஒட்டி நின்றது. இரண்டுக்கும் நடுவே நாயின் சொந்த முடியே திரியாகச் சுருண்டு அடைத்திருந்தது.

"நாய் என்றால் வாய் நாறத்தானே செய்யும், டாக்டரம்மா?" என்றார் பாட்டி. ஒரு வருடமாக அந்த நாற்றத்தோடு மின்னியை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நலமாக இருக்கும் நாயின் வாய் அப்படி நாறாது. அழுகிய நாற்றம் வந்தால் அங்கே கிருமி பெருகிவிட்டது என்று பொருள். இதை ஏழு ஆண்டுகளில் ஒரு முறையாவது நான் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏனென்றால் மின்னியின் தடுப்பூசி அட்டையில் ஆண்டுதோறும் இருப்பது என் கையெழுத்து. எடை, வெப்பநிலை, ஊசியின் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. வாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. நாய்க்குட்டியின் 28 பால்பற்களும் ஆறு, ஏழு மாதத்துக்குள் விழுந்து, 42 நிரந்தரப் பற்கள் வந்துவிட வேண்டும். பொமரேனியன் போன்ற சிறிய இனங்களில் பால் கோரைப்பல் விழாமல் நின்றுவிடுவது அடிக்கடி நடப்பதுதான். மின்னிக்கு எட்டு மாதத்தில் கருத்தடை செய்தவள் நான். அன்று அது மயக்கத்தில் என் மேசையில் படுத்திருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்திருந்தால் அந்தப் பால்பற்களை அப்போதே எடுத்திருக்கலாம். பார்க்கவில்லை.

சந்தையில் மாடு வாங்கும் நம் விவசாயி இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று வாயைப் பிளந்து பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பழமொழியே உண்டு. பல்லைப் பார்ப்பது அவ்வளவு பழகிய செயல். மடியில் வளரும் நாய்க்கு மட்டும் அந்தப் பழக்கம் வராமல் போய்விட்டது. வீட்டிலும் வரவில்லை, என்னைப் போன்ற மருத்துவர்களிடமும் வரவில்லை.

அதுவரை நடந்தது

மின்னியின் உணவு தயிர்சாதம், குழைந்த கோழிச்சோறு, மாலையில் பால் பிஸ்கட். எல்லாமே மென்மையானவை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்காரர் தம்முடைய பற்பசையைத் தடவி நான்கு நாள் துலக்கிப் பார்த்திருக்கிறார். நுரை பிடிக்காமல் அது ஓடி ஒளிந்துகொள்ள, விட்டுவிட்டார். விட்டதே நல்லது. மனிதப் பற்பசையைத் துப்பத் தெரியாத நாய் அதை விழுங்கும். அதிலுள்ள ஃபுளோரைடும் நுரைப்பொருளும் வயிற்றுக்கு ஆகாது. சில பசைகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சு. கிலோவுக்கு 0.1 கிராம் உள்ளே போனாலே இரத்தச் சர்க்கரை சரிந்து நாய் மயங்கி விழலாம். அளவு கூடினால் கல்லீரல் கெடும். ஐந்து கிலோ நாய்க்கு அரை கிராம்தான் எல்லை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிறகு உப்பும் மஞ்சளும் முயன்றிருக்கிறார்கள். சிவந்த ஈறில் உப்பு பட்டால் எரியும். அதோடு மின்னிக்கு வாயருகே விரல் வந்தாலே அச்சம் பிடித்துக்கொண்டது.

நான்கு மாதங்களுக்கு முன், முடி வெட்டும் இடத்தில் ஒருவர் மயக்கமில்லாமலே கம்பியால் காரையைச் சுரண்டிக் கொடுத்திருக்கிறார். பல் வெளுத்துவிட்டது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. நோய் இருப்பது ஈறுக்குக் கீழே. மேலே தெரியும் காரையை மட்டும் உடைத்தால் பல் அழகாகத் தெரியும், உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். சுரண்டிய பல்லின் மேற்பரப்பும் சொரசொரப்பாகி ஊத்தை முன்னைவிட விரைவாக ஒட்டும். விழித்திருக்கும் நாயின் ஈறுக்கு அடியில் யாராலும் சுத்தம் செய்ய முடியாது. எவ்வளவு சாதுவான நாயானாலும் முடியாது.

மயக்கத்தில் கண்டது

இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் சரியாக இருந்தன. இதயத்தில் முணுமுணுப்பு ஒலி இல்லை. மயக்க மருந்து என்றதும் வீட்டுக்காரர் தயங்கினார், அது நியாயமான அச்சம். காரையைப் பெயர்க்கும் ஸ்கேலர் கருவி தெளிக்கும் தண்ணீரும் உதிரும் காரையும் நுரையீரலுக்குள் போகாமலிருக்க மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தியே ஆக வேண்டும், விழித்திருக்கும் நாய்க்கு அது ஆகாது என்று விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டார்.

இந்த அளவு நாய்க்குப் பல்லைச் சுற்றியுள்ள பள்ளம் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடது மேல் கோரைப்பல்லின் உட்புறத்தில் அளவுகோல் எட்டு மில்லிமீட்டர் இறங்கியது. அங்கே மெல்லத் தண்ணீர் பீய்ச்சினேன். இடது மூக்கிலிருந்து சொட்டியது. தும்மலுக்குக் காரணம் அதுதான். பல்லுக்கும் மூக்குக்கும் நடுவே இருந்த மெல்லிய எலும்பு அரித்து, வாயிலிருந்து மூக்குக்கு வழி திறந்துவிட்டது. ஏழு ஆண்டுகள் அந்தப் பால்பல்லின் இடுக்கில் முடியும் சோறும் தேங்கியதன் விளைவு அது.

கீழ் வெட்டுப்பற்கள் ஆறில் இரண்டு ஏற்கெனவே விழுந்திருந்தன. மீதி நான்கும் ஆடின. அந்த நான்கு, இடது மேல் கோரைப்பல், மேலே இரு பக்கமும் ஒவ்வொரு சிறு முன்கடைவாய்ப்பல் ஆக ஏழு பற்களையும், நின்றுபோன இரண்டு பால் கோரைப்பற்களையும் எடுத்தேன். மூக்குக்கான ஓட்டையை ஈறுத்தசையை இழுத்து மூடித் தைத்தேன். மீதி 33 பற்களை ஈறுக்கு மேலும் கீழும் சுத்தம் செய்து மெருகேற்றினோம். இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று.

இன்னும் ஒரு பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்த்தாடையின் இடது முதல் கடைவாய்ப்பல். பள்ளம் ஐந்து மில்லிமீட்டர். எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றிய எலும்பில் மூன்றில் ஒரு பங்கு கரைந்திருந்தது. கிரேட் டேன் என்ற மிகப் பெரிய இன நாய்க்கும் 42 பல், மின்னிக்கும் 42 பல். தாடைதான் சிறிது. ஆகவே சிறிய நாய்களில் பற்கள் நெருக்கியடித்து, சாய்ந்து நிற்கும். இடுக்குகள் அதிகம், உணவு தேங்குவதும் அதிகம். கீழ்க்கடைவாய்ப்பல்லின் வேர்கள் தாடையின் அடிவிளிம்பு வரை இறங்கியிருக்கும். அந்தப் பல்லைச் சுற்றி எலும்பு கரைந்தால் தாடையே மெலிந்து, கட்டிலிலிருந்து குதிக்கும்போதுகூட முறியலாம். எடுப்பதிலும் முறியும் ஆபத்து உண்டு. வேரைச் சுத்தம் செய்து, பல்லை விட்டுவைத்தேன். ஒரு நிபந்தனையோடு: தினமும் வீட்டில் துலக்க வேண்டும். துலக்காவிட்டால் அடுத்த ஆண்டு இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாது என்று மூவரிடமும் எக்ஸ்ரேயைக் காட்டிச் சொன்னேன்.

தும்மல் பத்தாம் நாளில் நின்றது. பதினான்காம் நாள் தையல் நன்றாக ஆறியிருந்தது.

யார் துலக்குவது

தினமும் ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டார். வாரம் ஒரு முறை நன்றாகத் தேய்த்தால் போதாதா என்றார். அவர்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். குழாயிலும் வாளியிலும் வெள்ளையாக உப்புக்காரை பிடிப்பதை அவர் தினமும் பார்க்கிறார். நாயின் உமிழ்நீரும் அப்படித்தான். அது நம்முடையதைவிடக் காரத்தன்மை மிகுந்தது. அதனால் நாய்களுக்குச் சொத்தைப் பல் அரிது. ஆனால் பல்லில் படியும் மெல்லிய ஊத்தை, உமிழ்நீரின் தாதுக்களை ஏற்று இரண்டு மூன்று நாளில் கல்லாகத் தொடங்கிவிடும். மேல் பெரிய கடைவாய்ப்பல்லின் பக்கத்திலேயே உமிழ்நீர்க் குழாய் திறப்பதால் அங்கே முதலில் காரை கட்டும். ஊத்தையாக இருக்கும்வரை துணியே அதைத் துடைத்துவிடும். கல்லாகிவிட்டால் வீட்டில் எதுவும் அசைக்காது. மாவுப் பாத்திரத்தைக் காய்வதற்குள் கழுவினால் ஒரு கை, காய்ந்தபின் கழுவினால் இரண்டு கை என்று பாட்டி தாமாகவே சொன்னார். அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

துலக்கும் வேலை வீட்டுக்காரருடையது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாட்டி முந்திக்கொண்டார். "இரவு எட்டு மணிக்கு அது என் மடியில்தான் இருக்கும். அப்போது செய்துவிடுகிறேன்." யார் துலக்க வேண்டும் என்பதை நாய் ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருக்கிறது என்பது அன்று எனக்குப் புரிந்தது. யார் மடியில் தானாக வந்து படுக்கிறதோ அவர்தான். இளையவர், படித்தவர், நேரம் உள்ளவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் வாரம் வாயைத் திறக்கவே வேண்டாம் என்றேன். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் கோழி வேகவைத்த தண்ணீரில் விரலை நனைத்து, கன்னத்தைத் தடவி, உதட்டின் ஓரத்தில் நக்கக் கொடுப்பது மட்டும்தான். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அதனால் நம் குழம்பு ஆகாது. இரண்டாம் வாரம் உதட்டுக்குள் விரலை நுழைத்து வெளிப்புறப் பற்களைத் தொட்டு எடுப்பது. மூன்றாம் வாரம் விரலில் துணி சுற்றித் துடைப்பது. நான்காம் வாரம் குழந்தைகளுக்கான மிக மென்மையான சிறு பிரஷ், நாய்களுக்கான பற்பசை பட்டாணி அளவு. பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 பாகையில் சாய்த்துச் சிறு வட்டமாக. பற்களின் வெளிப்புறம் போதும். உட்புறத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். நாய் விலகும் முன்பே நிறுத்த வேண்டும். விலகிய பிறகு நிறுத்தினால், விலகினால் விட்டுவிடுவார்கள் என்பதை அது கற்றுக்கொள்ளும்.

பாட்டிக்குப் பிரஷ் பிடிக்கவில்லை. பழைய மல் வேட்டியைச் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் அலசிக் காயவைத்து அடுக்கி வைத்துக்கொண்டார். துணியால் துடைத்தால் பல்லின் முகம் சுத்தமாகும். ஈறின் விளிம்புக்குள் பிரஷின் நார் நுழைவதுபோல் துணி நுழையாது. வாதாடிப் பார்த்துவிட்டு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம்: எல்லாப் பற்களுக்கும் துணி, பெரிய கடைவாய்ப்பற்களுக்கும் கோரைப்பற்களுக்கும் மட்டும் கடைசியில் பிரஷ். செய்யாத நல்ல முறையைவிட நாள் தவறாமல் செய்யும் சுமாரான முறையே மின்னிக்குப் பயன்படும் என்று முடிவெடுத்தேன்.

எலும்பு கொடுத்தால் பல் சுத்தமாகாதா என்று மருமகள் கேட்டார். ஆட்டெலும்பைக் கடிக்கும்போது முதலில் பிளப்பது அந்த மேல் கடைவாய்ப்பல்தான். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறிதும் பதியாத எதையும் மெல்வதற்குக் கொடுக்கக் கூடாது. பல் துலக்கும் மெல்லுபொருள்களில் அமெரிக்காவின் கால்நடை வாய்நலக் குழு சோதனை முடிவுகளைப் பார்த்து முத்திரை கொடுத்தவை சில உண்டு. அவை துணைக்கு நல்லது. மின்னிக்கு வாரம் இரண்டு முறை கொடுக்கச் சொன்னேன், அந்த அளவு சோற்றைக் குறைத்துக்கொண்டு.

மூன்றாம் மாதம்

நாள் தவறாமல் துலக்கியிருந்தார்கள். நாட்காட்டித் தாளில் பாட்டி ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி வைத்திருந்தார். வலது உதட்டைத் தூக்கினேன். பற்கள் வெண்மையாக, ஈறு மேலிருந்து கீழ்வரை இளஞ்சிவப்பாக இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. இடது உதட்டைத் தூக்கினேன். மஞ்சள் காரை மறுபடியும் கோடு கட்டியிருந்தது. விட்டுவைத்த அந்தக் கீழ்க்கடைவாய்ப்பல்லின் ஈறு சிவந்து, பஞ்சு பட்டதும் இரத்தம் கசிந்தது.

ஒரே வாய், ஒரே உமிழ்நீர், ஒரே கை, ஒரே துணி. ஒரு பக்கம் மட்டும் எப்படி?

வீட்டில் செய்வதுபோலவே இங்கே செய்து காட்டுங்கள் பாட்டி என்றேன். மின்னியை மடியில், முதுகு தம் வயிற்றில் சாயும்படி உட்காரவைத்தார். இடக்கையால் மோவாயைப் பிடித்தார். வலக்கை விரலால் மின்னியின் வலது பக்கத்தை நிதானமாக, பின்பல் வரை துடைத்தார். பிறகு இடது பக்கத்துக்கு அதே வலக்கையை மூக்கின் முன்னால் சுற்றிக் கொண்டுவந்தார். கண்ணை மறைக்கும் கை, வளைந்த மணிக்கட்டு. மின்னி முகத்தைத் திருப்பியது. முன்பற்களில் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். "இந்தப் பக்கம் அதற்குப் பிடிக்காது, டாக்டரம்மா."

பிடிக்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது என்னுடையது. இடது மேல் கோரைப்பல்லை எடுத்துத் தைத்த இடம் ஆறும்வரை அந்தப் பக்கம் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். தையலுக்கு அது சரியான அறிவுரை. எந்த நாளிலிருந்து தொடலாம், எப்படித் தொடங்கலாம் என்று சொல்லவில்லை. ஆறிய காயத்தைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். பழக்கம் உருவான அந்த முதல் வாரங்களில் மின்னியும் பாட்டியும் கற்றுக்கொண்டது வலது பக்கத்தை மட்டும்தான். எந்தப் பல்லுக்காக இவ்வளவும் செய்தோமோ, அது இடது பக்கத்தில் இருந்தது.

திருத்தம் எளிது. இடது பக்கத்தை முதலில் துலக்க வேண்டும், பொறுமை தீராதபோது. அதற்கு மின்னியை மடியில் வைக்காமல், திண்ணையில் தம்மை நோக்கி உட்காரவைக்க வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்தால் நாயின் இடது கன்னம் நம் வலக்கைக்கு நேராக வரும். கை முகத்தை மறைக்காது. பிறகு மடிக்கு மாற்றி வலது பக்கம். இடது பக்கத்துக்கு மட்டும் முதல் வாரப் பாடத்தை, கோழித்தண்ணீரிலிருந்து, மறுபடி தொடங்கச் சொன்னேன். ஐந்தாம் மாதம் பார்த்தபோது புதிதாகக் காரை கூடவில்லை, தொட்டால் இரத்தமும் வரவில்லை. கட்டிவிட்ட பழைய காரைக் கோடு மட்டும் இருந்தது. அதை அடுத்த மயக்கத்தில்தான் எடுக்க முடியும்.

அதற்குப்பின் யார் வந்தாலும் வீட்டில் துலக்கும் விதத்தை என் முன் செய்து காட்டச் சொல்கிறேன். துலக்குகிறீர்களா என்று கேட்பதில் ஒன்றும் தெரிவதில்லை.

பதினெட்டு நாள்

ஏழாம் மாதம் மகளின் பிரசவத்துக்குப் பாட்டி வெளியூர் போனார். பதினெட்டு நாள். மகனும் மருமகளும் இரண்டு முறை முயன்று விட்டுவிட்டார்கள். மின்னி அவர்களிடம் வாயைக் கொடுக்கவில்லை. திரும்பிவந்த பாட்டி மறுநாளே அழைத்துவந்தார். வாயில் இலேசான நாற்றம், இரு பக்கமும் ஈறு விளிம்பில் சிவப்புக் கோடு. அழுதுவிடுவார் போலிருந்தது.

எலும்பு கரையாத வரை ஈறின் சிவப்பு திரும்பக்கூடியது என்று சொன்னேன். ஊத்தையை எடுத்தால் ஈறு தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். எலும்பு கரைந்த பிறகு அது திரும்பாது. நாய்களுக்கான 0.12 சதவீத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலைத் துணியில் நனைத்துப் பத்து நாள் துடைக்கச் சொன்னேன், அதற்கு மேல் வேண்டாம், பல்லில் கறை ஏறும். இரண்டு வாரத்தில் சிவப்பு மறைந்தது. மருமகளும் அன்றிலிருந்து வாரம் இரண்டு இரவு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, தம் கையால் துடைக்கப் பழகினார். ஒருவர் மட்டும் அறிந்த பழக்கத்தை நம்பி ஒரு நாயின் தாடையை விட முடியாது.

பதின்மூன்றாம் மாதம்

மறுபடி மயக்கம், மறுபடி எக்ஸ்ரே. இம்முறை ஐம்பது நிமிடம். எந்தப் பல்லையும் எடுக்கவில்லை. 33 பற்களும் இருந்தன. மூக்குக்கான வழி மூடியே இருந்தது. இடது கீழ்க்கடைவாய்ப்பல்லின் பள்ளம் ஐந்திலிருந்து நான்கு மில்லிமீட்டராகியிருந்தது. எலும்பு சென்ற ஆண்டின் அளவிலேயே நின்றது. அந்தப் பழைய காரைக் கோட்டையும் எடுத்தேன். மேல் கடைவாய்ப்பற்களின் பின்மூலையில் இன்னும் சிறிது காரை கட்டுகிறது, பாட்டியின் விரல் அவ்வளவு தூரம் எட்டவில்லை. அந்த மூலைக்கு மட்டும் பிரஷை முதலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாலையில் மயக்கம் தெளிந்து மின்னி தள்ளாடி எழுந்து வெளியே வந்தது. பாட்டி தரையிலேயே உட்கார்ந்து அதைத் தமக்கு எதிரே நிறுத்தினார். நான் ரசீது எழுதிக்கொண்டிருந்தேன். அவர் இடது உதட்டைத்தான் முதலில் தூக்கிப் பார்த்தார்.